மணப்பாட்டுச் சாலையும் ஒரு பாத வலியும்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே கடலை ஒட்டிச் சென்று மணப்பாட்டை அடையும் சாலை ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுடையது. காயல்பட்டினத்திலிருந்து புறப்படுவோர் அதனுடன் இன்னும் எட்டு கிலோமீட்டர் அளவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் பனைமரக் கூட்டங்கள், அவற்றுக்கு அப்பால் செந்நிறத் தேரி மணல். மேடு பள்ளம் மிகுதியாக இல்லாத இச்சாலை, பார்வைக்கு மிதிவண்டிக்கென்றே போட்டது போலிருக்கும். ஆயினும் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் நிலைமை வேறு. தெற்கு நோக்கி மிதிப்பவரின் மார்பில் அது நேராக வந்து மோதும். மலையில்லாத அந்நிலத்தில் காற்றே மலையாக நிற்கும்.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மதரஸாவுக்கு விடுமுறை நாள். ஸுப்ஹு தொழுகை முடிந்ததும் நானும் என் மூத்த சகோதரியின் கணவராகிய மச்சானும் இரு மிதிவண்டிகளில் புறப்பட்டோம். மச்சானுக்கு வயது 54. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. உடலுக்கு உழைப்புக் கொடுங்கள் என்று மருத்துவர் சொன்னதன் பேரில் மிதிவண்டியைக் கையிலெடுத்தவர்.

மணப்பாட்டைத் தேர்ந்தவர் அவர்தாம். அவருடைய வாப்பா, மிதிவண்டியில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு இச்சாலையோரச் சிற்றூர்களில் வியாபாரம் செய்தவர். சிறுவயதில் ஒருமுறை அவர் மகனைக் கேரியரில் அமர்த்தி மணப்பாட்டுக் குன்றின் மேல் அழைத்துச் சென்று, கருமேனியாறு கடலில் கலக்குமிடத்தைக் காட்டினாராம். "வாப்பா மிதித்த வழியை நானும் ஒருமுறை மிதித்துவிட வேண்டும் தம்பி" என்பது மச்சானின் நெடுநாள் ஆசை.

வீரபாண்டியன்பட்டினத்துத் தேவாலயத்தையும் திருச்செந்தூர்க் கோயிற் கோபுரத்தையும் கடந்து, மீனவர் வாழும் ஆலந்தலையைத் தாண்டினோம். நம்மூர்ப் பள்ளிவாசலின் பாங்கோசை கேட்டுப் புறப்பட்டவனுக்கு ஒரு மணி நேரத்திற்குள் மூன்று சமயத்தாரின் வழிபாட்டிடங்களைக் காட்டிவிடும் கடற்கரை இது.

கல்லாமொழிக்கு அப்பால்

கல்லாமொழியைக் கடந்த சிறிது நேரத்தில் மச்சான் திடீரென்று வண்டியை நிறுத்தி, வலக்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளங்காலின் குழிவில், குதிகாலை ஒட்டி, கத்தியால் கீறியது போன்ற வலி என்றார். "இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் சரியாகிவிடும்" என்று மீண்டும் ஏற முற்பட்டவரைப் பனை நிழலில் அமர்த்தினேன்.

நான் முதலில் தேடியது முள்ளை. சீமைக் கருவேலும் உடைமரமும் நிறைந்த அந்நிலத்தில், சர்க்கரை நோயாளியின் பாதத்தில் முதலில் தேட வேண்டியது அதுவே. முள் இல்லை, கீறல் இல்லை, வீக்கமோ, கன்றிய நிறமோ இல்லை. மச்சானைக் கண்களை மூடச் சொல்லி, ஒவ்வொரு விரலின் அடியிலும் என் விரல் நுனியால் மெல்லத் தொட்டேன். தொட்ட இடத்தையெல்லாம் தவறாமல் சொன்னார். பெருவிரலைப் பின்னோக்கி வளைத்தபோது பாதக் குழிவில் ஒரு நாண் விறைத்து நிற்பது கைக்குத் தட்டுப்பட்டது. அதை அழுத்தியதும் "யா அல்லாஹ்!" என்று துடித்துவிட்டார்.

துடித்தவர், அடுத்த கணம் சற்றே சிரித்தார். "வலிக்கிறதே தம்பி, அதுவே போதும்" என்றார். அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். அவருடைய மூத்த சகோதரருக்கும் சர்க்கரை நோய். அவர் காலில் ஆணி ஏறியது அவருக்கே தெரியவில்லை. வீட்டார் தரையில் இரத்தத்தைக் கண்டு சொன்ன பிறகே அறிந்தார். புண் ஆறாமல் இரண்டு விரல்களை இழந்தார். அன்று முதல் மச்சானின் அச்சமெல்லாம் வலியைப் பற்றியதன்று. வலி தெரியாமற்போவதைப் பற்றியது.

மணப்பாடு இன்னும் எட்டுக் கிலோமீட்டருக்குள் இருந்தது. போவதா, திரும்புவதா என்று சற்று நேரம் பேசாதிருந்தோம். பிறகு மச்சானே எழுந்து வண்டியைத் திருப்பாமல் தள்ளத் தொடங்கினார். "குலசை வரை நடப்போம். அதற்கு மேல் இன்று வேண்டாம்" என்றார்.

குலசையில்

குலசேகரபட்டினம் பாண்டிய மன்னனின் பெயரைத் தாங்கிய பழைய துறைமுகம். முத்தாரம்மன் கோயில் தசராத் திருவிழாவால் பெயர் பெற்றது. 2024 பிப்ரவரியில் இங்கு இந்திய விண்வெளித் துறையின் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. விண்ணுக்குக் கலம் ஏவ இடம் தேர்ந்த ஊரில், மண்ணில் கால் ஊன்ற முடியாமல் நாங்கள் இருவரும் ஒரு மிதிவண்டிக் கடையின் முன் நின்றோம்.

கடைக்காரர் முதியவர். வலியைக் கேட்டவர், காலைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தார். "ஏறி உட்காருங்கள் பாய். பெடல் கீழே இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வையுங்கள்" என்றார். மச்சானின் குதிகால் எட்டவில்லை. அது அவர் மகனுடைய கியர் வண்டி. உயரமான பிள்ளைக்கேற்ப உயர்த்திய சீட்டு. இரண்டரை மணி நேரமாக மச்சான் ஒவ்வொரு சுற்றிலும் பெடலை எட்டுவதற்காக முன்காலைக் கீழ்நோக்கி நீட்டியிருக்கிறார். எதிர்க்காற்று வேறு. காலில் இருந்ததோ எளிதில் மடியும் மெல்லிய ரப்பர் செருப்பு. கடைக்காரர் ஸ்பேனரை எடுத்துச் சீட்டை இறக்கினார். குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்தால் சற்றே மடிந்திருக்க வேண்டும். இதுவே அவர் கணக்கு.

பக்கத்துக் கடையில் குளிர்ந்த தண்ணீர்ப் புட்டி ஒன்று வாங்கித் துண்டில் சுற்றி, அதன் மேல் பாதத்தை முன்னும் பின்னும் பத்து நிமிடம் உருட்டச் செய்தோம். வலி தணிந்தது. தணிந்த வலியை நம்பி மச்சான் மணப்பாட்டுக்குப் புறப்படவில்லை. இரு வண்டிகளையும் ஒரு சுமை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஜுமுஆவுக்கு முன்பே ஊர் திரும்பினோம்.

மருத்துவர் சொன்னவை

மறுநாள் மருத்துவரிடம் உடன் சென்றேன். அவர் விளக்கியதை வாசகர்களுக்கும் பயன்படுமென்று இங்கே தருகிறேன்.

மனிதனின் ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவை நெடுக்கில் இரண்டும் குறுக்கில் ஒன்றுமாக வளைவுகளாய் அமைந்துள்ளன. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் உறுதியான நார்ப்பட்டை ஒன்று, வில்லுக்கு நாண்போல அவ்வளைவைத் தாங்குகிறது. ஆடுசதை இறுகியிருந்தாலும், காலணி தாங்காவிட்டாலும், பழக்கத்திற்கு மீறிய உழைப்பு வந்தாலும் அந்நாண் புண்படும். காலையில் படுக்கையை விட்டு வைக்கும் முதலடியில் வலி மிகுவது இதன் அடையாளம். மிதிவண்டியில் செல்வோர் பாதத்தின் குழிவைப் பெடலில் பதிக்கக் கூடாது. விரல்களின் அடியிலுள்ள திரண்ட பகுதியைப் பதிக்க வேண்டும். அடித்தோல் உறுதியான காலணி வேண்டும். வெயிலில் பாதம் சற்று வீங்குமாதலால் கயிற்றை இறுக்கிக் கட்டலாகாது. எதிர்க்காற்றில் கனமான கியரில் அழுத்துவதை விட, இலகுவான கியரில் விரைந்து மிதிப்பது நலம்.

நைலான் இழையொன்றால் மச்சானின் பாதத்தைப் பல இடங்களில் தொட்டு, உணர்ச்சி குறையவில்லை என்று மருத்துவர் உறுதிசெய்தார். எழுவதற்கு முன் விரல்களைக் கையால் பின்னோக்கி இழுத்துப் பத்து எண்ணுதல், சுவரில் கையூன்றி ஆடுசதையை நீட்டுதல், சில வாரம் வண்டிக்கு ஓய்வு ஆகியவை அவர் விதித்தவை. பெரும்பாலோருக்கு இவ்வளவிலேயே குணமாகும். ஆனால் மாதங்கள் பிடிக்கலாம். வலிமாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்திற்கு அது கேடு. பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் பனிக்கட்டியும் வெந்நீர் ஒத்தடமும் வைக்கவே கூடாது. "டப்" என்ற ஓசையுடன் வலி வந்தாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ, மரத்துப் போனாலோ, வீங்கிச் சிவந்தாலோ அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

தொழுகையின் இருப்பில் வலப்பாதத்தை நட்டு விரல்களை மடக்கும்போது மச்சானுக்கு வலி மிகுந்தது. இயலாதவர் தமக்கு இயன்றவாறு அமரலாம் என்ற சலுகையை நினைவூட்டினேன். சில வாரம் அவ்வாறே தொழுதார். ஒன்று மட்டும் அவரிடம் புதிதாகச் சேர்ந்தது. ஒளூச் செய்யும்போது விரலிடுக்குகளைக் கோதிக் கழுவுகிறோமல்லவா? அவ்வேளையில் பாதத்தைத் திருப்பி ஒருமுறை கண்ணாலும் பார்த்துவிடுகிறார். பிறகு ஈரம் போகத் துடைக்கிறார். நாளுக்கு ஐந்து முறை கழுவும் காலை ஒருமுறையேனும் உற்றுப் பார்ப்பது, சர்க்கரை நோயுள்ள நம்மவர் அனைவருக்கும் எளிதில் கைவரக்கூடிய காவல்.

மார்கழியில் காற்று திரும்பிய பிறகு, மகனின் வண்டியை விடுத்துத் தம் உயரத்திற்கேற்ற சாதாரண வண்டியில் மச்சான் புறப்பட்டார், நானும் சென்றேன். ஆலந்தலையிலும் குலசையிலும் இறங்கி, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆடுசதையை நீட்டிக்கொண்டோம். குலசையில் அந்தக் கடைக்காரருக்கு மச்சான் ஒரு பொட்டலம் அல்வா கொடுத்தார். மணப்பாட்டில் வண்டிகளை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு மணற்குன்றின் மேல் நடந்தே ஏறினோம். மேலே தேவாலயமும் கலங்கரை விளக்கமும், கீழே படகுகள், ஒரு புறம் கருமேனியாறு மணலை வளைத்துக்கொண்டு கடலை நாடிச் சென்றது. மச்சான் செருப்பைக் கழற்றி, தம் வலப்பாதத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, வாப்பாவுக்காகக் கையேந்தினார்.