மூச்சும் மூளையும்

ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தக்காது என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. பெரியவர்களுடைய வார்த்தைகளில் அநேகத்தைச் சிரமேற்கொள்ள நாம் சித்தமாயிருக்கிறோம். இதை மட்டும் ஒப்புக்கொள்வதற்கில்லை. கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் சிசுவுக்கு லாபமே. 24-ஆவது வாரத்தில் அதன் மூளையின் மேற்பரப்பு ஏறக்குறைய மடிப்பே இன்றி வழவழப்பாயிருக்கிறது. 40-ஆவது வாரத்திற்குள் மடிப்பின்மேல் மடிப்பு விழுந்து, வளர்ந்த மனிதனின் மூளையைப் போன்ற தோற்றம் பெற்றுவிடுகிறது. தாய் வயிற்றின் இருளில் நடக்கவேண்டிய இந்தப் பெருங்காரியம், குறைமாதக் குழந்தைக்கு ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் நடக்கிறது. ஆகையால் அதற்கு எவ்விதம் மூச்சு ஊட்டுகிறோம் என்பது நுரையீரலோடு முடிந்துபோகும் விஷயமன்று.

சுருங்கிக் கிடக்கும் பலூனை ஊதத் தொடங்குவதுதான் கடினம். கொஞ்சம் காற்று உள்ளே நின்றுவிட்டால் பிறகு சுலபம். நிறைமாதக் குழந்தையின் காற்றறைகள் அப்படி ஒட்டிக்கொள்ளாதபடி ஒரு மெல்லிய பூச்சு காக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அது போதிய அளவு ஊறியிருப்பதில்லை. இந்த உண்மையை 1959-இல் மேரி எல்லன் ஏவரி, ஜெரி மீட் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். காரணம் தெரிந்தவுடனே பரிகாரம் கிடைத்துவிடவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, இரண்டே நாளில் இந்நோயால் மாண்டான். ஒரு வல்லரசின் செல்வமும் செல்வாக்கும் அந்தச் சின்னஞ்சிறு மார்பை விரிக்க உதவவில்லை.

1971-இல் ஜார்ஜ் கிரெகரி என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் ஒரு புதிய முறையைப் பிரசுரித்தார்கள். குழந்தை தானே மூச்சு விடும். வெளிமூச்சின் முடிவிலும் உள்ளே சிறிது அழுத்தம் நிற்கும்படி மட்டும் உதவி செய்வது. 20 குழந்தைகளில் 16 பிழைத்தன. பிற்காலத்தில், குழாயின் நுனியைத் தண்ணீர்ப் புட்டியில் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமிழ்த்தியே இந்த அழுத்தத்தை உண்டாக்கினார்கள்.

உயிர் நின்றது, மூளையின் கதி என்ன? இயந்திரம் அளவுக்கு மிஞ்சி ஊதினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்நரம்பு இழைகள் வாடுகின்றன. அந்த வாயு மிகுந்தாலோ குழாய்கள் விரிந்து, நூலினும் மெல்லியவை வெடித்துவிடலாம். பிராணவாயு அதிகமானால் கண் கெடும்; மிகக் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை இங்கே கண்கூடாகக் காண்கிறோம்.

சில குழந்தைகள் மூச்சு விடவே மறந்துபோகின்றன. அவற்றைத் தட்டியெழுப்பும் மருந்து எது தெரியுமோ? நம் வீட்டுக் காபியில் உள்ள காபீன்தான்! 500 முதல் 1,250 கிராம் வரை எடையுள்ள 2,006 குழந்தைகளைக் கொண்டு பார்பரா ஷ்மிட் என்ற டாக்டர் தலைமையில் சோதனை நடந்தது. காபீன் பெற்றவை இயந்திரத்தினின்று விரைவில் விடுபட்டன. 2007-இல் வெளியான முடிவின்படி, மூளை பாதித்துக் கை கால் விறைக்கும் நோய் 100-க்கு 7.3 என்பதிலிருந்து 4.4 ஆகக் குறைந்தது. இதைப் படித்துவிட்டு எவரும் தொட்டிலண்டை டம்ளரும் டவராவுமாகப் போகவேண்டாம். அளந்து கொடுப்பது டாக்டரின் வேலை.

வீட்டாரின் வேலை வேறு. நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்றில், மூன்று மாதம் முந்திப் பிறந்த குழந்தைக்கு ஆண்டு நிறைவு நடந்தது. "இன்னும் நிற்கவில்லையே!" என்று வந்தவர்களெல்லாம் பரிதாபப்பட்டார்கள். தாயின் முகம் வாடிப்போயிற்று. உண்மையில் அக்குழந்தைக்கு அன்று ஒன்பது மாதம் என்றே கணக்கிடவேண்டும். சுமார் இரண்டு வயது வரையில் பிறக்கவேண்டிய நாளிலிருந்து எண்ணுவதே முறை. ஆயினும் அந்தச் சமாதானத்தோடு சும்மாயிருப்பதும் தவறு. கண், காது, நடை, பேச்சு ஆகியவற்றைக் காலா காலத்தில் பரிசோதித்தால், குறையிருந்தாலும் பயிற்சிக்கு நேரமிருக்கும்.

2020-இல் நம் தேசத்தில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் மாதம் நிறையுமுன் பிறந்தன; உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. எத்தனை உயிர்களைக் காத்தோம் என்று கணக்கெழுதும் ஆஸ்பத்திரிகள், அவர்களில் எத்தனை பேர் ஓடி விளையாடிப் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்பதையும் எழுதிவைக்கட்டும். அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு தாய் தந்தையருக்கும் உண்டு.