இருபத்தொரு இருக்கைகள்



தீபாவளி முடிந்ததும் சிவகாசி, சாத்தூர் பக்கத்துப் பட்டாசு ஆலைகள் சில நாட்களாவது மூடிக் கிடக்கும். ஆண்டு முழுவதும் விடியுமுன் ஆலை வேனில் ஏறிப் பொழுது சாய்ந்து இறங்குகிற நம் சபைப் பெண்களுக்குக் கையில் போனஸும் உடலுக்கு ஓய்வும் ஒருசேரக் கிடைப்பது அந்த நாட்களில்தான். ஆகவே காரியாபட்டியில் சபையாகச் சேர்ந்து வெளியூர் போகும் பேச்சு அப்போதுதான் எழும்பும். சென்ற ஆண்டு நாசரேத் வட்டாரத்துச் சபை ஒன்று தங்கள் அசனப் பண்டிகைக்கு நம்மை அழைத்திருந்தது. அப்படியே இடையன்குடிக்கும் சென்று, கால்டுவெல் ஐயர் 33 ஆண்டுகள் பாடுபட்டு எழுப்பி 1880-இல் பிரதிஷ்டை செய்த ஆலயத்தைக் கண்டு திரும்புவது என்று தீர்மானித்தோம். அந்த மனிதர் 1841-இல் சென்னையிலிருந்து பெரும்பாலும் கால்நடையாகவே தென்னாட்டுக்கு வந்து சேர்ந்தவர். நமக்கோ அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி வழியாக நாற்கரச் சாலை இருக்கிறது. நடக்க வேண்டியதில்லை, வேன் பேசினால் போதும்.

வேன் பேசுவது எளிய காரியம் என்று எண்ணுகிறவர்கள் ஒரு முறையேனும் அந்தப் பொறுப்பை ஏற்றுப் பார்க்க வேண்டும். பெயர்ப் பட்டியலில் 33 பேர் இருந்தார்கள். வாடகைக்குக் கிடைத்த வேனில் 21 இருக்கைகள். உரிமையாளர் நல்ல மனிதர். நமக்கு உதவவே விரும்பினார். "பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, நடுவில் ஸ்டூல் போட்டுத் தருகிறேன், எல்லாரும் போய்விடலாம்" என்றார். நம் வாலிபரில் சிலர் வேறொரு யோசனை சொன்னார்கள். பெரியவர்கள் வேனில் போகட்டும், நாங்கள் ஒரு குட்டியானையில் பின்னால் வந்துவிடுகிறோம், வாடகையும் பாதியாகும் என்றார்கள். துக்க வீட்டுக்கும் காதுகுத்துக்கும் சரக்கு வண்டியில் நின்றுகொண்டே போய் வருவது நம் பக்கத்தில் புதிதல்ல. அவர்கள் சொன்னதில் துணிகரம் எதுவும் இல்லை. சபையின் பணத்தை மிச்சப்படுத்தும் எண்ணமே இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கூட்டத்தில் நான் விளக்கினேன். வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு மஞ்சள் நிற எண் பலகையும், ஒப்பந்த ஊர்தி பர்மிட்டும், நடப்பிலுள்ள எஃப்.சி.யும் காப்பீடும் இருக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஒப்பந்த ஊர்தி என்பது முழு வண்டியையும் ஒரு குழுவுக்காகப் பேசி எடுத்துச் செல்வது. வழியில் வேறு ஆளை ஏற்றி இறக்குவதற்கு அதில் இடமில்லை. தெரிந்தவரின் வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்தால், சொந்த உபயோகத்துக்கென எடுத்த காப்பீடு ஆபத்து நாளில் கை கொடுக்காது. சரக்கு வண்டியின் நிலை இன்னும் மோசம். ஆஷா ராணி வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம், சரக்கு வாகனத்தில் ஏறிச் சென்ற பயணிகளுக்கு இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று தீர்த்திருக்கிறது. அந்தக் குடும்பம் வண்டி உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும். கடன் வாங்கி வண்டி ஓட்டுகிறவரிடம் என்ன இருக்கும்?

புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும், இல்லாவிட்டால் விழுந்தவனின் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. பர்மிட்டையும் காப்பீட்டையும் நான் அந்தச் சுவரின் வரிசையில்தான் வைக்கிறேன். இதையும் சொன்னேன். எல்லாரும் தலையசைத்தார்கள். ஆனாலும் முகங்களில் ஸ்டூலே இருந்தது. இரண்டாவது வண்டி என்றால் ஆளுக்கு எவ்வளவு கூடும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாள் கூலியில் வாழ்கிறவர்களின் கணக்கு அது. அதைக் குறைவாகப் பேச எனக்கு வாய் வராது.

பேச்சைத் திருப்பியது என் வேத வசனம் அல்ல. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சகோதரி எழுந்தார். பட்டாசு ஆலையில் பல வருடங்களாக மருந்து செலுத்தும் வேலை செய்கிறவர். "ஐயா, எங்க ரூம்ல நாலு பேருக்கு மேல உட்காரக் கூடாதுன்னு ரூல் இருக்கு. சீசன் நேரத்துல ஆறு பேர உட்கார வைப்பாங்க. ஒண்ணும் ஆகாதுன்னுதான் நாங்களும் உட்காருவோம். ஆனா நாலுன்னு எழுதி வச்சவன் சும்மா எழுதி வைக்கல" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கூடத்தில் இருந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டபோது, அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்களும் மருந்தும் அங்கே இருந்ததாகச் செய்திகள் வந்தன. நம் பக்கத்தில் எண்ணிக்கை என்பது அலுவலகக் காகிதத்தில் மட்டும் உள்ள சங்கதி அல்ல. ஆலையில் நம்மை அதிகமாக ஏற்றுகிறவர்கள் வேறு யாரோ. வேனில் நம்மை அதிகமாக ஏற்றிக்கொள்கிறவர்கள் நாமே.

அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை அந்த வாரம் மறுபடியும் வாசித்தேன். பவுலை ஏற்றிச் சென்றது பயணிகளுக்கென்று கட்டிய கப்பல் அல்ல. அலெக்சந்திரியாவிலிருந்து இத்தாலிக்குக் கோதுமை கொண்டுபோன சரக்குக் கப்பல். பயணம் ஆபத்தாக முடியும் என்று பவுல் எச்சரித்தும், நூற்றுக்கு அதிபதி கப்பலை நடத்துகிறவனையும் அதன் சொந்தக்காரனையுமே நம்பினான். அனுபவசாலிகள் அவர்கள், சந்தேகப்பட அவனுக்கு என்ன முகாந்தரம்? லூக்கா அந்தக் கப்பலில் இருந்தவர்கள் 276 பேர் என்று எண்ணி எழுதுகிறார். கைதிகளும் படைவீரரும் மாலுமிகளும் ஒரே தொகையில் வருகிறார்கள். அதே லூக்காதான் தன் சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பஸ்கா முடிந்து திரும்பிய கூட்டத்தில் பிள்ளை இருப்பான் என்று நினைத்து, யோசேப்பும் மரியாளும் ஒரு நாள் தூரம் போய்விட்டதையும் எழுதியிருக்கிறார். கூட்டத்தோடு வருகிறான் என்ற நம்பிக்கை, தலையை எண்ணவில்லை.

இரண்டாவதாக 12 பேர் அமரும் வேன் ஒன்றையும் பேசினோம். 21-உம் 12-உம் சேர்ந்து 33. மடிக்குழந்தைக்கும் ஓர் இருக்கை என்று கணக்கிட்டோம். கூடுதல் செலவை எப்படிப் பங்கிட்டோம் என்பதை விரிவாகச் சொல்ல மாட்டேன். கொடுக்க முடியாதவர்கள் யார் என்பது பொருளாளருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும், அது அப்படியே இருக்கட்டும்.

புறப்படுவதற்கு முந்தின மாலை, எழுபது வயதைக் கடந்த ஒரு தாயார் ஊரிலிருந்து வந்திருந்த தம் அக்காளைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். "ஒரு ஓரமா உட்கார்ந்துக்குவா, ஐயா." இடமில்லை என்று அவர்கள் முகம் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். பிரசங்க பீடத்தில் நின்று கைப்பிடிச் சுவரைப் பற்றிப் பேசுவது சுலபம். கண் கலங்கிய இரண்டு கிழவிகளிடம் 33 என்ற எண்ணைச் சொல்வது அப்படியல்ல. அன்பில்லாத போதகர் என்று அன்றிரவு யாரேனும் பேசியிருந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை. இரவு ஒன்பது மணிக்கு, குட்டியானை யோசனை சொன்ன வாலிபரில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தன் இருக்கையைப் பாட்டிக்குக் கொடுத்துவிடும்படியும், தான் பஸ் மாறி வந்துவிடுவதாகவும் சொல்லிப் போனார்.

ஓட்டுநர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேட்டா கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறோம். முந்தின இரவு முழுவதும் வேறொரு வாடகைக்கு வண்டி ஓட்டியவரை விடியற்காலை நான்கு மணிக்கு நம் பிள்ளைகளோடு அனுப்பிவைத்து, பிரயாணத்துக்காக ஜெபம் பண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை. முந்தின இரவு தூங்குவாரா என்பதை வாடகை பேசும்போதே கேட்டேன். உரிமையாளர் சிரித்தார், ஆனாலும் வேறு ஓட்டுநரை அனுப்பினார். திரும்பும் வழியில் பட்டாசுக் கடையில் நிறுத்தச் சொல்லிச் சிறுவர்கள் கெஞ்சினார்கள். ஆட்கள் இருக்கும் வண்டியில் பட்டாசு ஏறாது என்று அந்த ஓட்டுநரே மறுத்துவிட்டார். 2024 மே முதல் தேதி நம் ஊருக்கு அருகே கல்குவாரியில் வெடிமருந்து வெடித்து மூவர் இறந்ததை அவரும் அறிந்திருந்தார்.

அசனத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. அந்த வாலிபர் தூத்துக்குடியில் பஸ் தவறி, கடைசிப் பந்திக்குத்தான் வந்தார். அப்போதுவரை சாப்பிடாமல் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் இருவரும் அவருக்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள். பாட்டி தம் தங்கையோடு வந்து, மூவருக்கும் கறி போதுமா என்று கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்.