நாலாவது கியரில் வழுக்கும் வண்டி

அந்தப் பட்டறையில் கியர் பாக்ஸ் ஆயில் ஊற்றும் சோலி விடியக்காலையில்தான் நடக்கும். பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்கள் தெருமுனைகளில் ஹாரன் அடிக்கிற நேரம். தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் தகரக் கொட்டகைக்குள், நாலு சக்கரமும் தரையில் படாமல் தூக்கி நிறுத்தியபடி, ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். ஏழாயிரம்பண்ணையில் இப்படி ஒரு வண்டியா என்று கேட்பவர்கள் இந்தப் பக்கம் வந்து வெகுகாலம் ஆகியிருக்கும்.

பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என்று மூன்று தொழிலில் சுழலும் பணம் சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் எப்போதும் வண்டியாகவும் மாறியிருக்கிறது. முன்பு அம்பாசடர், அப்புறம் ஸ்கார்ப்பியோ. இப்போது கோயம்புத்தூரிலோ சென்னையிலோ படித்துத் திரும்பிய பிள்ளைகளுக்கு வேறு ருசி. வேன், லோடு ஆட்டோ, பொலிரோ என்று பார்த்துக்கொண்டிருந்த இந்தப் பட்டறைக்கு கிளட்ச் மிதி இல்லாத வண்டி வர ஆரம்பித்தது 2014க்குப் பிறகு. அந்த ஆண்டுதான் மாருதி செலெரியோவில் ஏ.எம்.டி. வந்தது. அது சாதாரண கியர் பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு தானியங்கிக் கருவி செய்கிறது. விலை குறைவு என்பதால் சின்ன ஊர்களில்கூட ஓட ஆரம்பித்தது. மெக்கானிக் அண்ணன் கோயம்புத்தூரில் பல கம்பெனி வண்டி பார்க்கும் ஒரு பட்டறையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஸ்பேனர் பெட்டிக்குப் பக்கத்தில் மடிக்கணினி வைத்திருப்பவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்போது அவர் ஒருவர்தான் என்று சொன்னார்கள்.

அந்த ஆக்டேவியாவின் சொந்தக்காரத் தம்பி வரும்போதே ஒரு தீர்ப்போடு வந்திருந்தான். வெளியூரில் ஒரு பட்டறையில் "கியர் பாக்ஸ் போச்சு, முழுசா மாத்தணும்" என்று சொல்லி ஒரு தொகையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தொகைக்கு நல்ல நிலையில் ஒரு பழைய கார் வாங்கலாம். அண்ணன் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்க்கவே இல்லை.

"எந்த கியர்ல தம்பி வழுக்குது?"

"எல்லாத்துலயும்தாண்ணே. மிதிச்சா ஆர்.பி.எம். மட்டும் ஏறுது, வண்டி போக மாட்டேங்குது."

"எல்லாத்துலயும் வழுக்குனா வண்டி இம்புட்டுத் தூரம் வந்திருக்காது. நல்லா யோசிச்சுச் சொல்லு."

யோசித்துவிட்டு, நாலாவதில்தான் அதிகம், ஆறாவதில் கொஞ்சம் என்றான். மூன்றிலும் ஐந்திலும் தெரியவில்லை. பாதி நோய் அங்கேயே பிடிபட்டது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

2017இல் இந்தியாவுக்கு வந்த ஆக்டேவியா ஆர்.எஸ். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டி. 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. கியர் பாக்ஸ் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஆறு கியர் டி.எஸ்.ஜி. 2003இல் கோல்ஃப் ஆர்32 வண்டியில் முதலில் வந்த அதே குடும்பம். இதற்குள் கிளட்ச் இரண்டு. கே-1 என்பது 1, 3, 5, ரிவர்ஸ் ஆகியவற்றைச் சுமக்கிறது. கே-2 சுமப்பது 2, 4, 6. மூன்றாவதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலாவது கியர் மறுபக்கம் கோத்துத் தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விட, மறு கிளட்ச் பிடிக்கும். மாறுவது தெரியவே தெரியாது. இரண்டு கிளட்சும் ஆயிலில் நனைந்தே இருப்பவை, ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்தவை. வெளிவட்டம் கே-1, உள்வட்டம் கே-2. நாலிலும் ஆறிலும் வழுக்கி, மூன்றிலும் ஐந்திலும் வழுக்கவில்லை என்றால் சந்தேகம் கே-2 மேல் போய் நிற்கிறது.

சந்தேகம்தான். அண்ணன் அதோடு நிற்கவில்லை. ஸ்கேனரைச் செருகினார். பி-0730 என்று ஒரு குறியீடு வந்தது: கியர் விகிதம் சரியில்லை. தம்பி அதைப் பார்த்ததும் முகம் வாடிப்போனான். உள்ளே போகிற சுற்றுக்கும் வெளியே வருகிற சுற்றுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்று கணினி சொல்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஆயில் குறைந்தாலும் ஒத்துவராது. அழுத்தம் தரும் வால்வு கெட்டாலும், கிளட்ச் பிளேட் தேய்ந்தாலும், சுற்றை அளக்கும் சென்சார் பொய்த்தாலும் ஒத்துவராது. குறியீட்டைப் பார்த்ததும் சாமானை மாற்றுகிற பட்டறைகள் பெருகிவிட்டன. அந்தக் காகிதத்தில் எழுதியிருந்த தொகைக்கும் இந்த ஒரு குறியீடுதான் ஆதாரமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஓட்டிப் பார்க்க சாத்தூர் வழியாக நான்குவழிச் சாலைக்குப் போனோம். ஸ்போர்ட்ஸ் கார் சோதனை என்றதும் நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை. வழுக்கலைக் காட்டுவது வேகமில்லை, முறுக்குவிசை. இந்த இஞ்சினில் அது 1,500 சுற்றிலேயே உச்சத்துக்கு வந்துவிடுகிறது. நாலாவது கியரில் பிடித்துவைத்து, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரே மிதி. 90 தாண்டுவதற்குள் காலை எடுத்துவிட்டார். மடியில் மடிக்கணினியோடு பின்சீட்டில் பட்டறைப் பையன். திரையில் இரண்டு கோடுகள்: ஒன்று இஞ்சின் சுற்று, மற்றது கே-2 பக்கத்து உள்தண்டின் சுற்று. கிளட்ச் நன்றாகப் பிடித்தால் இரண்டும் ஒட்டியே ஏற வேண்டும். சில சுற்று வித்தியாசம் எப்போதும் இருக்கும். கணினியே அப்படி வைத்திருக்கிறது. இங்கே மிதித்த நொடியில் இஞ்சின் கோடு நூற்றுக்கணக்கில் எகிறி மேலே போய், தண்டின் கோடு கீழேயே தங்கிவிட்டது. ஐந்தாவதில் அதே சோதனை. கோடுகள் பிரியவில்லை.

"அப்ப கே-2 பிளேட் போயிருச்சாண்ணே?" என்றான் பையன்.

"அப்படியும் இருக்கலாம். உள்ள இருக்கது சின்ன கிளட்ச்சுடா. ரெண்டுக்கும் பொதுவா ஒரு குறை வந்தாலும் மொதல்ல மூச்சு வாங்குறது அதுதான்."

அந்தப் பொதுவான குறை என்ன என்பதைத் தேடுவதில் அன்றைய பகல் போனது. கியர் பாக்ஸின் மூளையான மெக்கட்ரானிக்கிற்குப் போகும் வட்டமான கனெக்டரைக் கழற்றி, ஊசிகளில் ஆயில் கசிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, கனெக்டரில் கை வைக்கும் முன் பையன் உள்ளங்கையை வண்டியின் வெறும் இரும்பில் ஒரு நிமிடம் பதித்தான். உடம்பில் தேங்கிய நிலை மின்சாரம் ஊசி வழியாகப் பாய்ந்தால் உள்ளே இருக்கும் கணினி போய்விடும் என்று கம்பெனிக் கையேடே எச்சரிக்கிறது. இவன் கையேடு படித்தவன் இல்லை. அவன் அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார். அறைக்குள் நுழையும் முன் உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவதும், நைலான் சேலை கட்டாமல் பருத்தி கட்டுவதும் வீட்டில் பார்த்தே வளர்ந்தவன். உராய்வும் சூடும் என்ன செய்யும் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று நடந்த வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதைப் பற்றிக் கேட்டபோது பையன் பதில் சொல்லாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டான்.

கனெக்டரில் கசிவு இல்லை. அடுத்தது ஆயில். அது வடிய வடிய அண்ணனின் முகம் மாறியது. நிறம் கறுத்து, தீய்ந்த வாடை. வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்ததில் கருந்தூள் இருந்தது. மினுங்கும் உலோகத் துகள் இல்லை. பல்சக்கரம் தப்பித்தது என்று அர்த்தம். அளவு ஜாடியில் பார்த்தபோது இருக்கவேண்டியதைவிட நன்றாகவே குறைவு. ஆனால் வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை, ஆயில் மாற்றியதாகத் தம்பியிடம் ரசீதும் இருக்கிறது. அப்புறம் எங்கே போனது?

எங்கும் போகவில்லை. ஊற்றியதே குறைவு. இந்த கியர் பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. அடிப்பக்கத்துத் துளைக்குள் ஒரு சின்னக் குழாய் நிற்கிறது. அந்தத் துளை வழியாகவே கீழிருந்து மேலாக ஆயிலை ஏற்ற வேண்டும். பிறகு இஞ்சினை ஓடவிட்டு, லிவரை ஒவ்வொரு நிலையிலும் கொஞ்ச நேரம் நிறுத்தி, கூடுதல் ஆயில் அந்தக் குழாய் வழியாக வெளியே வழிய விட வேண்டும். ஓட்டமாக வருவது சொட்டாகக் குறையும்போது அடைத்துவிட வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் ஆயில் 35 முதல் 45 டிகிரி சூட்டுக்குள் இருந்தால்தான் செல்லும். அதற்கு மேல் சூடானால் ஆயில் விரிந்து மட்டம் உயரும். உள்ளே இருக்கவேண்டியதும் சேர்ந்து வழிந்துவிடும். ஆறிய பிறகு உள்ளே பற்றாக்குறை.

குளிர் நாட்டில் வகுத்த விதி இது. அங்கே 35 டிகிரியை எட்டும்வரை இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பார்கள். சித்திரை, வைகாசியில் விருதுநகர் மாவட்டத்துப் பகலில் இஞ்சினைக் கிளப்பும் முன்பே தகரத்துக்கு அடியில் நிற்கும் வண்டியின் ஆயில் 38, 39 காட்டும். லிவரை நாலு நிலையில் நகர்த்தி முடிப்பதற்குள் 45 தாண்டிவிடும். முன்பு மாற்றியவர்கள் மத்தியானத்தில் மாற்றியிருக்க வேண்டும் என்பது அண்ணனின் ஊகம். ஸ்கேனரில் ஆயில் சூட்டைப் பார்க்காமலே வேலையை முடித்திருக்கலாம் என்பது என்னுடையது. இரண்டும் நடந்திருக்கலாம்.

அதனால்தான் விடியக்காலை. பானட்டில் ஒரு கேனைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, குழாய் வழியாக ஆயில் கீழே இறங்கி, அடித்துளை வழியாக மேலே ஏறியது. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரியேதான் இருந்தது. புது ஃபில்டர், சரியான சூட்டில் சரியான மட்டம். பிறகு கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்க ஆரம்பிக்கிறது என்பதைக் கணினிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் அடாப்டேஷன். பிரேக்கை மிதித்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்க, உள்ளே டொக் டொக்கென்று தானாகவே கியர்கள் விழுந்தன.

திரும்பவும் சாலை. சாதாரண ஓட்டத்தில் வழுக்கல் போய்விட்டது. முழுசாக மிதித்தால் கோடுகள் இன்னும் பிரிந்தன, முன்பைவிடக் குறைவாக. நானாக இருந்தால் இந்த இடத்தில் "பிளேட்தான்" என்று முடிவுகட்டியிருப்பேன். அண்ணன் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார்.

"இஞ்சின்ல என்ன தம்பி பண்ணிருக்க?"

ஏர் ஃபில்டர் மட்டும்தான் மாற்றியது என்று முதலில் சொன்னான். அப்புறம் சைலன்சர் குழாய். டீக்கடையில் இரண்டாவது வடைக்குப் பிறகுதான் ரீமேப் வெளியே வந்தது. இஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி 350ஐ 430க்குப் பக்கமாக ஏற்றியிருக்கிறான். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிப் பார்க்க ஆசையாம். கியர் பாக்ஸ் மென்பொருளை யாரும் தொடவில்லை.

கிளட்சை எவ்வளவு அழுத்தத்தில் இறுக்கவேண்டும் என்று கியர் பாக்ஸ் தானாக முடிவு செய்வதில்லை. இப்போது இவ்வளவு முறுக்குவிசை தருகிறேன் என்று இஞ்சின் கணினி ஓர் எண்ணை அனுப்பும். அந்த எண்ணுக்கேற்ப அழுத்தம் போகும். சில ரீமேப்களில் விசை கூடும், அனுப்புகிற எண் கூடாது. "இஞ்சின் பொய் சொல்லுது, இது நம்பிப் புடிக்குது" என்றார் அண்ணன். பிடி போதாமல் பிளேட் வழுக்கும். வழுக்கினால் சூடு, சூட்டில் ஆயில் தீயும், தீய்ந்த ஆயிலில் இன்னும் வழுக்கும். போதாக்குறைக்கு ஆயிலும் குறைவு.

பழைய கம்பெனி மென்பொருளை ஏற்றிவிட்டு மறுபடி அதே சாலை, அதே நாலாவது கியர், அதே மிதி. இரண்டு கோடுகளும் ஒன்றாகவே ஏறின. பிளேட்டில் உயிர் இருக்கிறது. கியர் பாக்ஸைக் கழற்றவே வேண்டியதில்லை.

தம்பிக்குச் சந்தோஷம் பாதி, வருத்தம் பாதி. விசையைத் திரும்ப ஏற்ற வேண்டுமானால் கியர் பாக்ஸ் மென்பொருளையும் மாற்றி, கிளட்ச் பிளேட்டுகளையும் கெட்டியானதாகப் போட வேண்டும். அப்படிச் செய்தால் டிராக்கில் மட்டும் ஓட்டு என்றார் அண்ணன். நானும் அவர் கட்சிதான். கம்பெனி வகுத்த அளவை மீறி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சட்டத்தை விடுங்கள், விடியக்காலையில் ஆலை வேன்கள் வரிசையாகப் போகும் இந்தச் சாலைகள் 430 நியூட்டன் மீட்டருக்கான இடமில்லை.

கணக்குத் தீர்க்கும்போதுதான் ஒரு சங்கடம். ஆயில், ஃபில்டர் விலையைத் தம்பி கேள்வியே கேட்காமல் கொடுத்தான். அதற்குக் கீழே "சோதனைக் கட்டணம்" என்று எழுதியிருந்ததைப் பார்த்துத் தயங்கினான்.

"பார்த்துச் சொன்னதுக்கு இம்புட்டாண்ணே?"

அவன் மேல் தப்பில்லை. நம் ஊரில் சாமானுக்கும் கழற்றி மாட்டுவதற்கும்தான் கூலி. கழற்றத் தேவையில்லை என்று கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடையாது. இந்த வழக்கம்தான் கியர் பாக்ஸையே மாற்றச் சொல்லும் பட்டறைகளை வாழவைக்கிறது. ஒரு குறியீட்டைப் படித்துவிட்டு முழு கியர் பாக்ஸை விற்றவருக்கு லாபம். இரண்டு நாள் அளந்து பார்த்து ஆயிலோடு முடித்தவருக்கு நட்டம். ஸ்கேனரும் அதற்கு வருடாவருடம் கட்டும் சந்தாவும் மெக்கானிக்கின் கைக்காசு. அண்ணன் பேரம் பேசவில்லை. வெளியூர்ப் பட்டறை எழுதிக்கொடுத்த காகிதத்தை அப்போதுதான் வாங்கி, தன் பில்லுக்குப் பக்கத்தில் வைத்தார். தம்பி பணத்தை எண்ணிக் கொடுத்தான்.

இந்த வகை டி.எஸ்.ஜி. வண்டி வைத்திருப்பவர்கள் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் பாக்ஸ் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். மாற்றும்போது எத்தனை டிகிரியில் மட்டம் பார்த்தார்கள் என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ரீமேப் செய்திருந்தால் மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சோதனைக்கு அவர் கேட்கும் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.