புதுத் துப்பாக்கியும் பழைய ஈட்டியும்

புது மாடு வாங்கியவன் அதை ஏரில் பூட்டிப் பார்க்கத் துடிப்பான். புதுத் துப்பாக்கி வாங்கியவர் பாடும் அப்படித்தான். சுட்டுப் பார்க்கும் வரையில் அவருக்குத் தூக்கம் கிடையாது.

நம் ஐயா காரைக்குடிக்கு ஒரு ரைபிளை வரவழைத்தார். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் அமலில் இருந்த காலம். அச்சட்டத்தின் கீழ் வெள்ளையருக்கு வெகுகாலம் விலக்கு இருந்தது. நம்மவர்தாம் லைஸென்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். அது கைக்கு வந்த தினத்தன்று வீட்டில் பாயசம் வைத்தார்களாம்!

ஆனால் எதைச் சுடுவது? செட்டிநாட்டுக் கண்மாய்க் கரைகளில் முயலும் கௌதாரியும் அகப்படும். அவற்றுக்கு ரைபிளை எடுத்துப் போனால் ஊர் சிரிக்கும். ஆகவே அண்டா, ஊறுகாய் ஜாடி சகிதமாகக் குடும்பமே மேற்கு மலைக்குப் பிரயாணப்பட்டது. அந்த வேட்டையின் புகைப்படம் இன்றும் நம் வளவுச் சுவரில் தொங்குகிறது. ஐயா ரைபிளோடு நிமிர்ந்து நிற்கிறார். காலடியில் ஒரு காட்டெருமை. கம்புகளோடு முன்னால் போய்க் காட்டைக் கலைத்தவர்களில் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. ஓரத்தில் யாரோ ஒருவருடைய முழங்கை மட்டும் விழுந்திருக்கிறது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ரைபிளும் வீட்டை விட்டுப் போயிற்று. நல்லதே. ஆனால் அந்த முழங்கை நம் மனத்தை விட்டுப் போகவில்லை. காரைக்குடிக்குச் சமீபத்திலுள்ள சிறுவயலின் வழியே போகும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

சிறுவயல், சிவகங்கைச் சீமையில் அதிகாரம் செலுத்திய சின்ன மருதுவின் ஊர். தமையனார் பெரிய மருதுவோ மகா வேட்டைக்காரர். 1795-ல் மதுரையில் இருந்த வெல்ஷ் என்னும் ஆங்கிலப் பட்டாள உத்தியோகஸ்தர், 1830-ல் வெளியிட்ட தம் நினைவுகளில் அவரை வர்ணிக்கிறார். ஆற்காட்டு ரூபாயை விரல்களாலேயே வளைத்துவிடுவாராம். தஞ்சை, திருச்சி, மதுரையிலிருந்த துரைமார் வேட்டைக்கு ஆசைப்பட்டால் அவருக்குச் சொல்லியனுப்புவார்கள். அவரும் வந்து மிருகம் இருக்கும் இடத்துக்கே அழைத்துப் போவார். புலி வந்தால் துரைமாரைச் சுற்றி அவருடைய ஆட்கள் காவல் நிற்பார்கள். ஈட்டியுடன் முதலில் எதிர்ப்பவர் பெரிய மருது. சிறிய மிருகங்களை மட்டும் விருந்தாளிகளின் துப்பாக்கி முனைக்கு விரட்டிக் கொடுப்பார். விருந்தோம்பலில் இதற்கு மேல் என்ன இருக்கிறது? ஆபத்து வீட்டுக்காரருக்கு, வேட்டை விருந்தாளிக்கு!

ஆறே ஆண்டுகளில் கும்பெனியின் துப்பாக்கிகள் வேறு காரியமாக வந்தன. 1801-ல் சிறுவயல் தீக்கிரையாயிற்று. அங்கிருந்து காளையார்கோவிலுக்கு வழி உண்டாக்கப் பட்டாளத்தார் ஒரு மாத காலம் காட்டை வெட்டிப் பார்த்தார்கள், முடியாமல் கைவிட்டார்கள். பிறகு வேறு பாதையில் புகுந்து அக்டோபர் 1-ல் காளையார்கோவிலைப் பிடித்தார்கள். அந்த மாதம் 24-ந் தேதி மருது சகோதரர் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பரில், தென் சீமையார் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டுமென்று கவர்னர் கிளைவ் பிரபுவின் பிரகடனம் பிறந்தது. ஐயா லைஸென்ஸுக்குக் காத்திருந்த கதை உண்மையில் அன்றே ஆரம்பமாகிவிட்டது.

வெல்ஷ் அந்தப் பட்டாளத்தில் இருந்தவர். தொடையெலும்பு முறிந்து கைதியாகக் கிடந்த சின்ன மருதுவைக் கண்ணால் பார்த்தவர். தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதலில் கற்றுக் கொடுத்தவர் அவரே என்பதை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின் அச்சான அந்தப் புத்தகத்திலும் சொல்லியிருக்கிறார்.