உயிரிரையும் விராலும்

விராலுக்கு வெட்டுக்கிளியைத் தூண்டிலில் கோப்பது எளிய வேலையன்று. லாலாகுடா ரயில்வே பணிமனையில் (1893இல் நிஜாம் காலத்தில் தோன்றியது) உழைத்து ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர், முள்ளை அதன் வயிற்றில் ஏற்றுவதில்லை. தலைக்குப் பின்னுள்ள ஓட்டினடியில் மட்டும் நுழைக்கிறார். அப்போதுதான் அது சாகாமல் நீர்ப்பரப்பில் உதைத்துக்கொண்டிருக்கும். அவ்வதிர்வை உணர்ந்து விரால் மேலெழும். அமெரிக்கர் பாஸ் என்னும் மீனைப் பிடிக்கக் கையாளும் முறையும் ஏறத்தாழ இதுவே. இரண்டும் நெருங்கிய உறவில்லாத இனங்கள். எனினும் பதுங்கிப் பாய்வதிலும் குஞ்சு காப்பதிலும் ஒத்தவை.

சிக்கல் அங்கேதான். மழைக்காலத்தில் விரால் குஞ்சுகள் செந்நிறத் திரளாக மூச்செடுக்க மேலே வரும். கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். நெருங்கும் எதனையும் அவை பசியின்றியும் கவ்வும். (தேர்ந்த கைகள் அச்செந்நிறத்தையே அடையாளமாகத் தேடுவதுண்டு.) ஒரே வீச்சில் பெரிய மீன் கிடைக்கும், காவலிழந்த திரளோ பிற மீன்களுக்கு இரையாகும். உயிரிரை பற்றிய அறவிவாதம் பெரும்பாலும் பூச்சியின் வலியோடு நின்றுவிடுகிறது. முள்ளில் துடிக்கும் வெட்டுக்கிளி ஒன்று. கணக்கில் வராத குஞ்சுகளோ நூற்றுக்கணக்கில். தெலங்கானா தன் மாநில மீனாக ஏற்றிருப்பது இந்த விராலைத்தான்.