ஏ.ஆர்-ல் ஒரு வரி

1/ விடியற்காலை, டூட்டி முடியப் போற நேரம். ஆலந்தலை அண்ணன் ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. கடல்ல பாடு சரியில்லன்னு உப்பளத்துக்கு வேலைக்குப் போனவர். மோட்டார் பெல்ட்ல கை மாட்டி ரெண்டு விரல் போச்சு.

2/ ஏ.ஆர் எழுதணும். அதாவது விபத்துப் பதிவேடு. எங்க, எப்படி அடிபட்டதுன்னு அதுல இருக்கும். கூட வந்தவர் முந்திக்கிட்டார்: "வீட்டு மோட்டார்னு போடுங்க சார். இவர் எங்க ஆள் இல்ல, காண்ட்ராக்ட்."

3/ அவரை வெளிய அனுப்பிட்டு அண்ணன்கிட்ட கேட்டேன். "அளத்துலதான் சார். ஆனா நான் மொத்தமா பேசி எடுத்துச் செய்றவன். எனக்கு யாரு தருவா?"

4/ இதே கேள்வி உச்சநீதிமன்றம் வரை போயிருக்கு, அதுவும் உப்பளத்துல இருந்தே. சௌராஷ்டிராவின் தாரங்கதாரா கெமிக்கல் வொர்க்ஸ் வழக்கு. அங்க உப்பு எடுத்தவங்களுக்கு மாசச் சம்பளம் இல்ல, வேலை நேரம் இல்ல. எடைக்கு இவ்வளவுன்னு கூலி. உதவிக்குக் குடும்பத்தையும் ஆளையும் கூட்டிக்கலாம். "இவங்க சுயேச்சை ஒப்பந்தக்காரங்க"ன்னு கம்பெனி வாதாடுச்சு.

5/ 1956 நவம்பர்ல தீர்ப்பு: அவங்க தொழிலாளர்கள்தான். இடம் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது, வேலையை ஒவ்வொரு கட்டத்துலயும் கம்பெனி ஆள் மேற்பார்வை பார்க்கிறார், அவங்களும் தன் கையாலதான் உழைக்கிறாங்க. பேப்பர்ல என்ன பேர் போட்டிருக்குங்கிறதை விட, வேலை யார் கட்டுப்பாட்டுல நடக்குதுங்கிறதுதான் முக்கியம்.

6/ நடுவுல காண்ட்ராக்டர் இருந்தாலும், தன் தொழிலுக்காக வேலையைக் கொடுத்த முதலாளி இழப்பீடு கட்டணும்; அப்புறம் காண்ட்ராக்டர்கிட்ட வசூலிச்சுக்கலாம். 1923 இழப்பீட்டுச் சட்டத்துல இருந்த இந்த விதி, 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்துலயும் இருக்கு.

7/ இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதுசுல, இன்னொருத்தருக்குக் கூட வந்தவர் சொன்னதையே எழுதிட்டேன்: "வீட்டில் விழுந்தார்". மூணு மாசம் கழிச்சு அவர் மனைவி அந்தக் காகிதத்தோட வந்து நின்னாங்க. "இதை மாத்த முடியுமா சார்?" முடியாதுன்னு சொன்னப்போ அவங்க முகத்தைப் பார்க்க முடியல. அந்தக் கையெழுத்து என்னோடது.

8/ அதனால இன்னைக்கு அண்ணன் சொன்னதை அப்படியே எழுதினேன்: "உப்பளத்தில், வேலை செய்யும்போது." இழப்பீடு கிடைக்குமான்னு நான் சொல்ல முடியாது. கேட்கிறதுக்கு ஒரு ஆதாரம் இருக்கு.

9/ வேலையில அடிபட்டா டாக்டர்கிட்ட இடம், நேரம், யாருக்கான வேலைன்னு நீங்களே சொல்லுங்க. ஏ.ஆர் நகல் கேளுங்க. கூலி வந்த ஜிபே, வேலைக்குக் கூப்பிட்ட வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. தொழிலாளர் துறை அலுவலகத்துல மனு கொடுங்க.

விரலை என்னால ஒட்ட வைக்க முடியல. அந்த ஒரு வரியைச் சரியா எழுத முடிஞ்சது.