பூட்டிய பெட்டியில் ஒரு வாயில்

நுண்பொருளைக் காணும் கருவி என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் தோன்றுவது கண்ணாடி வில்லைகள் பொருந்திய குழாயே. யான் ஈண்டுக் கூறப் புகுவது கண்ணால் நோக்கும் கருவியன்று. குருடன் விரலால் தடவி அறிவதைப் போல் ஊசிமுனையால் தடவி அறியும் கருவி. 1981-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டில், ஸூரிச் நகரையடுத்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில், பின்னிக், ரோரர் என்னும் அறிஞர் இருவர் இதற்கு வழி கோலினர். மின்சாரம் கடத்தாத பொருளையும் தடவவல்ல 'அணுவிசை நுண்காட்டி'யை 1986-இல் பின்னிக், குவேட், கெர்பர் ஆகிய மூவர் ஆக்கியளித்தனர்.

இதன் உயிர்நிலை, மயிரிழையின் பருமனிலும் குறுகிய அகலமுடைய ஒரு சிலிக்கான் நாவு. அதன் நுனியில் ஊசி. பியஸோ என்னும் சிறு வில்லை மின்னழுத்தத்துக்கேற்ப விரிந்து சுருங்கி அந்நாவை அதிரச் செய்யும். யான் பணிபுரியும் கூடத்தில் வழங்கும் நாவு நொடிக்கு 70,000 முறை அதிர்வது. அதிர்ந்தவாறே பொருளின்மேல் மெல்லத் தட்டித் தட்டிச் செல்லும். இம்முறையை ஆங்கிலத்தில் டாப்பிங் என்பர். பால்மரம் வெட்டுதற்கும் அம்மொழியில் அதுவே பெயர். என் அன்னையார் தோட்டத்தில் முப்பதாண்டு புரிந்த தொழிலன்றோ அது! அச்சொல்லைக் கூடத்தில் முதன்முதல் கேட்டபோது என்னையறியாது நகைத்தேன்.

ரப்பரே இவ்வரலாற்றுக்கும் காரணமாயிற்று. எங்கள் கூடத்து மாணவி ஒருத்தி, இயற்கை ரப்பருள் கலந்த சிலிகாத் துகள்கள் எங்கெங்கே திரண்டு நிற்கின்றன என்று ஆராய்ந்து வந்தாள். அவளும் தோட்டத்துப் பிள்ளை. மென்மையான ரப்பரை அழுத்தினால் உருவம் சிதையும். அழுத்தாவிடில் வன்மை மென்மை விளங்காது. இவ்விடர்க்கு 2004-இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் இருவர் வழி கூறியுள்ளனர். நாவை ஒரே காலத்தில் இரண்டு அதிர்வுகளால் இயக்கவேண்டும். முதலதிர்வு மேடுபள்ளத்தை அறியும். இரண்டாவது பொருளின் தன்மையை அறியும். அவ்விரண்டாம் அதிர்வு முதலதைப் போல் ஏறக்குறைய 6.27 மடங்கு, எங்கள் நாவுக்கு நொடிக்கு 4,40,000 அளவில் வரும். எங்கள் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியோ ஒரு நேரத்தில் ஓர் அதிர்வையே பிறப்பிக்க வல்லது. வெளியிலிருந்து மற்றொன்றைச் செலுத்த அதில் துளையுமில்லை.

செய்தவர்களுக்கு எழுதினோம். பெட்டியைத் திறத்தல் கூடாது, புதியது வாங்குக என்று விடை வந்தது. அவர்கள் குறித்த விலை எங்கள் கூடத்தின் ஓராண்டுச் செலவை விஞ்சி நின்றது. உத்தரவாதக் காலம் முடிந்து ஆண்டு பல கழிந்த பெட்டியைத் திறவாதே என்று தடுப்பது என்ன நியாயமோ! முற்காலத்துக் கருவிகளுடன் மின்சுற்றுப் படமும் சேர்த்துக் கொடுப்பர். அப்படத்தை மறைப்பது வாணிக நயமாகலாம். கல்விக்கு அது பகையே. "ஐயா, எனக்கு இன்னும் ஐந்து திங்களே உள்ளன," என்றாள் அம்மாணவி. தலைவரின் இசைவைப் பெற்றுத் திருகாணிகளைக் கழற்றினேன்.

படமில்லாத பெட்டியில் வழி கண்டுபிடிப்பது எளிதன்று. ஊசியை நகர்த்தும் கம்பிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் பாயும். அவற்றின் பக்கம் கை போகலாகாது. நாவை அதிரச் செய்யும் கம்பியிலோ சில வோல்ட்டுக்கு மேலில்லை. ஆஸிலாஸ்கோப்பை ஒவ்வொரு முனையிலும் வைத்து, கணிப்பொறியில் அதிர்வின் அளவை ஏற்றி இறக்கினேன். எந்த முனையில் அலை அதற்கிசைய வளர்ந்து தேய்ந்ததோ, அதுவே யாம் தேடியது. இரண்டு மாலைப்பொழுதுகள் இதற்கே கழிந்தன.

அக்கம்பியை அறுத்து, இரண்டு அலைகளைக் கூட்டித் தரும் சிறு பெருக்கியொன்றை நடுவே அமைத்தேன். மிகுந்த மின்னழுத்தம் நுழையாவண்ணம் காவலாக இரண்டு டையோடுகள். நாவின் அசைவைக் கூறும் அலையையும் வேறொரு கம்பியால் வெளிக்கொணர்ந்தேன். இரண்டாம் அதிர்வைப் பிரித்தளக்கும் லாக்-இன் பெருக்கிக்கு அது வேண்டும். இவையனைத்தையும் விட முதன்மையானது ஒரு விசை. அதனை 'உள்' என்று வைத்தால் பெட்டி பழைய பெட்டியே. அறுத்த கம்பி அறாதது போல் நேரே இணைந்துவிடும். பிறர் பயன்படுத்தும் கருவியைப் பாழாக்க நமக்கு உரிமையில்லை.

முதல் உருவம் வந்தபோது ரப்பர் முழுதும் வரிவரியாய்க் கோடுகள். சுவரிலிருந்து வரும் 50 சுழற்சி மின்சாரத்தின் வேலை அது. வெளிக்கருவிக்கும் பெட்டிக்கும் தனித்தனியே நிலத்தொடர்பு இருந்தமையால், இடையே ஒரு வளையம் உண்டாகிவிட்டது. ஃபெரைட் வளையமொன்றில் செப்புக்கம்பியை இரு சுற்றாகச் சுற்றி, அதன் வழியே அலையைச் செலுத்தினேன். விரைந்த அதிர்வு அதனைக் கடந்து சென்றது. 50 சுழற்சி கடக்க மாட்டாமல் நின்றது. கோடுகள் மறைந்தன.

அன்றிரவு ஒன்பது மணிக்கு, மேடுபள்ளப் படத்தில் ஒன்றும் தெரியாத சமவெளியில், இரண்டாம் படத்தில் சிலிகாத் துகள்கள் கொத்துக்கொத்தாய் வெளிப்பட்டன. அவள் பேசவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். யான் மின்சுற்றுப் படத்தைத் தூய தாளில் வரைந்து, மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டுத் திருகாணிகளைப் பூட்டினேன்.